நார்மண்டிச் சாலை ஒரு பெட்டிக்குள்: ஒரு கைகாட்டி கிட்டைப் பிரித்துப் பார்த்தேன்

போன மாதம் வாங்கிய கிட் இது, துண்டுகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி. டாங்கி இல்லை, விமானம் இல்லை, முழுக்க முழுக்கக் கைகாட்டிகள். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் பிரான்ஸ், பெல்ஜியம் சாலையோரங்களில் நின்ற கம்பங்கள், பலகைகள், கிலோமீட்டர் கற்கள், எல்லாம் 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக. செய்தது கிழக்கு ஐரோப்பிய நிறுவனம் ஒன்று. குறைகளும் சொல்லப் போகிறேன், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் கடைப் பலகை எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை குறைந்துபோனது, ஆனால் பார்வை அப்படியே இருக்கிறது. எந்தப் பலகையைக் கண்டாலும் முதலில் எழுத்துதான் கண்ணில் படும். பிரஷ்ஷில் எழுதியதா, ஸ்டென்சில் வைத்து அடித்ததா, எழுதியவர் நிதானமாக இருந்தாரா, அவசரத்தில் இருந்தாரா என்று பார்ப்பேன். அந்தக் கால ஐரோப்பியச் சாலைப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். ஒரே கம்பத்தில் இரண்டு கைகள் தெரியும். ஒன்று ஊருக்காக நிதானமாகச் செய்த கை. இன்னொன்று நாளைக்கே இடம் மாறப்போகும் பட்டாளத்துக்காக அவசரமாக எழுதிய கை. இந்த கிட் அந்த வித்தியாசத்தைக் காட்டுகிறதா என்பதுதான் என் ஒரே கேள்வி.

பாதி காட்டுகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஊர்ப் பலகைகள் அருமை. பிரான்சில் போருக்கு முன்பே மிஷ்லின் டயர் கம்பெனி சாலை சந்திப்புகளில் கைகாட்டிகள் நட்டுவந்தது. எரிமலைக் கல்லை அறுத்து, அதன்மேல் எனாமல் பூசிச் சூளையில் சுட்டு, கான்கிரீட் அடித்தளத்தில் பதிப்பார்கள். சுட்ட எழுத்து என்பதால் வெயிலுக்கும் மழைக்கும் வெளுக்காது. இன்றும் அங்கங்கே நிற்கின்றன. கிட்டில் இதற்கு ஒரு தனி வார்ப்பு இருக்கிறது. கல்லின் முகம் படிப்பவரைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கும் அந்தச் சாய்வைக்கூட விடவில்லை. காரில் வருகிறவர் வேகத்தைக் குறைக்காமல் படிக்க வேண்டும் என்று யோசித்தவர்களின் சாய்வு அது. கிலோமீட்டர் கல்லும் அப்படித்தான். உருண்ட தலை, தேசிய நெடுஞ்சாலை என்றால் தலைக்குச் சிவப்பு. இரண்டு கற்கள் இருக்கின்றன, ஒன்றில் மூலை உடைந்திருக்கிறது. டயோரமா, அதாவது மாடல்களை வைத்துக் குட்டிக் காட்சி, செய்பவர்களுக்கு அந்த உடைந்த மூலை பெரிய உதவி.

கம்பங்களில் மரத்தின் ரேகை நன்றாக வந்திருக்கிறது. வார்க்கும் அச்சு சேர்ந்த இடத்தில் விழும் கோடு மெல்லியதுதான், ப்ளேடால் இரண்டு முறை இழுத்தால் போய்விடும். பிசிறு அதிகமில்லை.

இனி பட்டாளத்துப் பலகைகள். பிளாஸ்டிக் பலகைகள் தனியாக, எழுத்துகள் அச்சிட்ட தாள் தனியாக வருகின்றன. தாளை வெட்டிப் பலகையில் ஒட்ட வேண்டும். குறை ஆரம்பிப்பதும் இங்கேதான்.

தாளில் அமெரிக்கப் பலகைகள் சரியாக இருக்கின்றன. ஸ்டென்சில் எழுத்து என்றால் தகட்டின் நடுத்துண்டு கழன்று விழாமல் இருக்க சின்னப் பாலம் விடுவோம். அதனால் O, D மாதிரி வளைவெழுத்துகளில் இரண்டு இடத்தில் இடைவெளி விழும். அச்சில் அந்த இடைவெளிகள் இருக்கின்றன. "சாலையிலும் ஓரத்திலும் கண்ணிவெடி அகற்றப்பட்டது" என்ற ஆங்கிலப் பலகையைப் பார்த்து ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டேன். அதில் "ஓரத்திலும்" என்ற ஒரு சொல் எத்தனை பேர் உயிருக்குச் சமம் என்று யோசியுங்கள். எதிரே வண்டி வந்தால் டிரைவர் ஓரம் கட்டுவார். ஓரத்தில் கண்ணி இருந்தால் அங்கேயே முடிந்தது. அதனால் சாலை மட்டும் சுத்தமா, ஓரமும் சுத்தமா என்பதைப் பிரித்து எழுதினார்கள். சுத்தம் செய்த பாதையின் இரு பக்கமும் வெள்ளை நாடா ஓடும். நாடா கிட்டில் இல்லை, மெல்லிய காகிதத்தைக் கீறி நானே செய்துகொண்டேன்.

மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் போட்ட பாலப் பலகையும் இருக்கிறது. 40 என்று எழுதியது. தெரியாதவர்களுக்கு: அது வேக வரம்பு இல்லை. பாலம் எவ்வளவு கனம் தாங்கும் என்ற வகுப்பு எண். இதே மாதிரி மஞ்சள் வட்டம் பிரிட்டிஷ் வண்டிகளின் முகப்பிலும் இருக்கும். வண்டியின் எண் பாலத்தின் எண்ணைத் தாண்டாவிட்டால் போகலாம். பாஷை தெரிய வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். நான் பார்த்த பலகைகளிலேயே இதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

ஜெர்மன் பலகைகள்தான் ஏமாற்றம். பாதிப் பலகைகளில் ஃப்ராக்டூர் என்ற அந்தப் பழைய ஜெர்மன் முறுக்கெழுத்து, பாதியில் சாதாரண எழுத்து, எல்லாவற்றையும் ஒரே கம்பத்துக்கு என்று பெட்டிப் படம் காட்டுகிறது. விஷயம் இதுதான். 1941 ஜனவரி 3-ஆம் தேதி நாஜிக் கட்சித் தலைமையிலிருந்து போர்மன் ஒரு சுற்றறிக்கை விட்டார். முறுக்கெழுத்து யூதர்களுடையது என்ற பொய்க் காரணத்தைச் சொல்லி, இனி சாலைப் பலகை உட்பட எல்லாம் சாதாரண எழுத்தில்தான் என்றார். கைப்பற்றிய நாடுகளில் மக்களால் படிக்க முடியவில்லை என்ற வசதிக் காரணமும் அதற்குப் பின்னால் இருந்தது. பழைய பலகைகள் உடனே மறைந்துவிடவில்லை என்பது வேறு. ஆனால் முறுக்கெழுத்துப் பலகை என்றால் மழை தின்ற, பெயிண்ட் உரிந்த பழசாக இருக்க வேண்டும். இங்கே அச்சில் அது புதுசாக மின்னுகிறது. பாரிஸில் ஓபரா சதுக்கத்தில் எடுத்த படங்களைப் பாருங்கள். ஒரே இடத்தில் ஜெர்மன் கைகாட்டிகள் அடுக்கடுக்காக, ராணுவ மருத்துவமனைக்கு, வண்டிப் பணிமனைக்கு என்று நிற்கும். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கும் தேவையில்லாத திசைகள். 1944 ஆகஸ்டில் நகரம் விடுபட்டதும் மக்கள் முதலில் கைவைத்தவற்றில் அந்தப் பலகைகளும் உண்டு.

இன்னொரு குறை, எனக்குப் பெரிய குறை. ஸ்டென்சில் தவிர்த்த மற்ற எல்லா எழுத்தும் கணினியில் தட்டியது மாதிரி ஒரே சீராக இருக்கிறது. கையால் எழுதியவன் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை நெருக்கி எழுதுவான். பிரஷ்ஷில் பெயிண்ட் தீரும்போது கோடு மெலியும். பலகை வழியில் கிடைத்த பெட்டி மரமாக இருந்தால் ஆணித்துளையில் பெயிண்ட் தேங்கும். இதில் ஒன்றும் இல்லை. நான்கு பலகைகளில் தாளை ஒட்டாமல், மிக மெல்லிய 000 பிரஷ்ஷில் நானே எழுதினேன். இரண்டு இரவு ஆனது. எழுதி முடித்த பலகைகளைத் தாள் ஒட்டியவற்றுக்குப் பக்கத்தில் வைத்ததும் வீட்டில் மாடலைப் பற்றி ஒன்றும் தெரியாத என் மனைவிகூட "இது நிஜமா இருக்கே" என்று எழுதியவற்றைத்தான் தொட்டாள்.

தாளையே ஒட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிசாகத் தடவுங்கள், அப்படியே போட்டால் தாள் சுருங்கும். வெட்டிய ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும், ஒட்டும் முன்பே பழுப்புப் பென்சிலால் ஓரத்தைச் சுற்றித் தேய்த்துவிடுங்கள்.

சேர்த்திருக்க வேண்டிய ஒரு பலகை இதில் இல்லை. அது சிவப்புப் பந்து. நார்மண்டியிலிருந்து நேச நாட்டுப் படைகள் வேகமாக முன்னேறியதும் பெட்ரோலும் குண்டும் பின்னால் தங்கிவிட்டன. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை அமெரிக்கர்கள் "ரெட் பால்" (சிவப்புப் பந்து) என்ற பெயரில் லாரிச் சங்கிலி ஒன்றை ஓட்டினார்கள். சென் லோவிலிருந்து ஷார்த்ரு பக்கம் போக ஒரு சாலை, காலியாகத் திரும்ப வேறு சாலை, இரண்டும் ஒருவழி. ஊர் வண்டிகளுக்கு அதில் இடமில்லை. உச்சத்தில் 5,958 வண்டிகள் ஒரே நாளில் சுமார் 12,500 டன் கொண்டுபோயின. ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். தெரியாத நாட்டில், ராத்திரியில், அவர்கள் நம்பியது வழிநெடுக நின்ற அந்தச் சிவப்பு வட்டத்தை. வார்த்தையே வேண்டாத பலகை, வட்டமாக வெட்டிச் சிவப்பு அடித்தால் முடிந்தது. அதை விட்டது எனக்குப் புரியவில்லை.

இதே நிறுவனத்தின் இத்தாலிப் பெட்டியையும் சேர்த்தே வாங்கினேன். அது இதைவிட சுமார்தான், தாளில் எழுத்து மங்கல். ஆனால் அதைப் பிரிக்கும்போது மனதில் ஓடியது வேறு. இத்தாலியில் பெரும் சண்டை நடந்த மோந்தே காசினோவில் 4-ஆவது இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்களின், அதாவது பட்டாளத்துப் பொறியாளர்களின், 12-ஆவது ஃபீல்டு கம்பெனி இருந்தது. பட்டாளத்தில் அவர்களைத் "தம்பி" என்றே கூப்பிடுவார்கள். மலைமேல் டாங்கிகள் ஏற, இந்திய சாப்பர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் கழுதைப் பாதையை வெட்டி அகலப்படுத்தினார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயர். அது போய்ச் சேர்ந்த குழிவான இடத்துக்கு "மெட்ராஸ் சர்க்கஸ்" என்று பெயர். 1944 மார்ச் 19-ஆம் தேதி டாங்கிகள் அங்கிருந்துதான் தாக்கப் போயின. இத்தாலிய மலையில் நம் ஊர்ப் பெயர். பெட்டியில் ரோம், நேப்பிள்ஸ் எல்லாம் இருக்கிறது, இது இல்லை. காலிப் பலகை ஒன்றை இதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

வாங்கலாமா? பிரஷ் பிடிக்கத் தெரிந்தால் நார்மண்டிப் பெட்டியைத் தாராளமாக வாங்குங்கள், கம்பங்களுக்கும் கற்களுக்குமே கொடுத்த காசு சரியாகிவிடும். தாளை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். இத்தாலிப் பெட்டியை விலை குறைந்தால் பார்க்கலாம்.

என் டயோரமாவில் மூன்று கம்பங்கள் நட்டாகிவிட்டது. சந்திப்பில் மிஷ்லின் கல், அதன்மேல் சாய்ந்தபடி கம்பியால் கட்டிய ஒரு அமெரிக்கப் பலகை. பாலத்துக்கு முன்னால் மஞ்சள் வட்டம். மூன்றாவது கம்பத்தில் பலகை எதுவும் மாட்டவில்லை. ஊசியைச் சூடாக்கி நான்கு ஆணித்துளை மட்டும் போட்டு, துளைகளுக்கு நடுவே மரத்தைக் கொஞ்சம் வெளிறிய நிறத்தில் விட்டிருக்கிறேன். நான்கு வருஷம் அங்கே ஜெர்மன் பலகை ஒன்று வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது.