முற்றத்து வெயிலா, டியூப் லைட்டா? செட்டிநாட்டு வீட்டில் ஆமைக்கு ஒளியும் சூடும்

ஆமைப் பெட்டி அமைக்கச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்கு முதல் கவலை சூடு, அப்புறம்தான் ஒளி. காரைக்குடியில் எங்கள் சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க ஆமைக் குட்டியோடு இரண்டு மழைக்காலம் கழித்த பிறகு சொல்கிறேன்: நமக்கு அது தலைகீழ். ஒளிக்குத் தாராளமாகச் செலவழியுங்கள், சூட்டுக்குக் கொஞ்சம் போதும். இரண்டையும் ஒரே பல்பில் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் முள்காடுகளில் திரியும் நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சல்கேட்டா சஹாராவின் தென்விளிம்பைச் சேர்ந்தது. அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.

"முத்தத்துல இம்புட்டு வெயில் காயுது, இதுக்கு எதுக்கு வெளக்கு?" என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் டி3 வைட்டமின் உருவாகும். அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். நேர் வெயிலுக்கு ஈடான விளக்கு எதுவுமே இல்லை. காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை, நிழலும் தண்ணீரும் பக்கத்தில் இருக்க, முற்றத்தில் விட்டால் அதுவே முதல்தரம். ஆனால் இப்போது பல வளவு வீடுகளில் மழைச் சாரலுக்குப் பயந்து முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டார்கள். வெளிச்சம் பளிச்சென்று விழும். யூவிபி மட்டும் உள்ளே வராது. ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். எங்கள் முற்றத்திலும் ஷீட்தான். அதோடு சித்திரை வெயிலில் கல் தரை கொதிக்கும், ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வானம் மூடியிருக்கும். அதனால் முற்றத்தை மட்டும் நம்ப முடியாது.

விளக்கில் நான் முதலில் வாங்கியது மெர்க்குரி வேப்பர் பல்பு. சூடு, ஒளி, யூவிபி மூன்றும் ஒன்றிலேயே கிடைக்கும் என்பதால் ஆசைப்பட்டேன். இதைத் தெர்மோஸ்டாட்டிலோ (சூட்டைப் பார்த்துத் தானே அணைத்து ஏற்றும் கருவி) டிம்மரிலோ (வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி) மாட்டக் கூடாது. சித்திரையில் அறையே 34 டிகிரி இருக்க, பல்புக்கு அடியில் 45ஐத் தாண்டியது. சூடு அதிகம் என்று அணைத்தால் யூவிபியும் போய்விடும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால்கூட, ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊருக்கு இது ஒத்துவரவில்லை.

சுருள் வடிவ யூவிபி பல்பு விலை குறைவு. ஆனால் அதன் வீச்சு ஒரு தட்டு அகலத்துக்கு மேல் போகாது, ஆமை நகர்ந்தால் வீண். நான் கடைசியில் நிலைத்தது டி5 எனும் மெல்லிய நீள டியூபில்: யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருக்கும் வகை, பின்னால் பிரதிபலிப்பான், ஆமையின் ஓட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. உயரம். பெட்டியின் பாதி நீளத்துக்கு ஒளி பரவும், மீதிப் பாதி நிழல். சூடு அதிகம் தராது என்பதால் கோடையிலும் பகல் முழுக்க எரியவிடலாம். நடுவில் கம்பி வலை இருந்தால் யூவிபியில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். ஒரு கடையில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியின் யூவி டியூபை எடுத்துக் காட்டி, "இதுவும் யூவிதான் சார்" என்றார்கள். அது கிருமியைக் கொல்லும் யூவிசி கதிர், ஆமையின் கண்ணையும் நம் கண்ணையும் கெடுத்துவிடும். வாங்காதீர்கள்.

சூட்டுக்கு வருவோம். செட்டிநாட்டுத் தடிச் சுவர் அறை மார்கழி விடியலில் நன்றாகவே குளிர்ந்துவிடும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இன்னும் சில்லென்று இருக்கும். குட்டிக்கு இரவில் 26 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இதற்கு வெளிச்சமே தராத செராமிக் ஹீட்டர் போதும். பீங்கான் ஹோல்டரில் மாட்டி, தெர்மோஸ்டாட் கட்டாயம் வைக்க வேண்டும். இரவு முழுக்கச் சிவப்பு பல்பு போடுகிறவர்கள் உண்டு. ஆமைக்குச் சிவப்பு தெரியும், தூக்கம் கெடும். அடியில் விரிக்கும் ஹீட் மேட்டும் வேண்டாம். ஆமைக்கு மேலிருந்து வரும் சூடுதான் இயல்பு, அடிவயிறு வெந்தாலும் அது நகராமல் கிடக்கும். மழைநாள் காலையில் மட்டும் ஒரு ஹாலஜன் பல்பு போட்டு, அதன் அடியில் 35 டிகிரி இருக்கும்படி உயரத்தைச் சரிசெய்வேன். மாசி பிறந்தால் அதைக் கழற்றி வைத்துவிடலாம்.

பெட்டிக்குள் ஆத்தங்குடிக் கல்லை அப்படியே விடாமல் மண்ணும் தென்னை நார்த்தூளும் கலந்து ஈரமாகப் போட்டிருக்கிறேன். வழவழத் தரையில் குட்டியின் கால்கள் அகன்று போகும். செராமிக் ஹீட்டர் காற்றை வறட்டும், அந்த ஈரம் அதற்கும் உதவும்.

டியூபின் ஓரத்தில் மாட்டிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருடம் ஆனபின்னும் அது பிரகாசமாகத்தான் எரியும், ஆனால் யூவிபி குறைந்திருக்கும். அதனால் நன்றாக எரிந்தாலும் 12 மாதத்தில் மாற்றிவிடுகிறேன்.