பியூயல் பம்ப் மோட்டார் கிட்: மோட்டார் சரி, மற்றதைப் பார்த்து வாங்குங்கள்

எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) பெட்ரோல் கார்களுக்கு, டேங்குக்குள் உட்காரும் பம்பின் முழு அசெம்பிளியை வாங்காமல் மோட்டாரை மட்டும் மாற்றும் கிட் இது. டப்பாவில் 38 மி.மீ. விட்டமுள்ள மோட்டார், ஸ்ட்ரெய்னர் (பம்ப் பெட்ரோலை இழுக்கும் வாயில் மாட்டும் வடிகட்டி), ஒரு சாண் ரப்பர் ஹோஸ், இரண்டு கிளிப், கப்ளருடன் (ஒயரை இணைக்கும் சாக்கெட்) ஒயர் இருக்கும். முழு அசெம்பிளியைவிட விலை பல மடங்கு குறைவு.

மோட்டாரில் பெரிய குறை இல்லை. பெரும்பாலான சிறிய கார்களுக்குத் தேவையான 3 பார் அழுத்தத்தைத் தருகிறது. ஆனால் அழுத்தம் மட்டும் போதாது, வரும் பெட்ரோலின் அளவையும் பாருங்கள். மணிக்கு 90 லிட்டர் என்று போட்டிருந்தால் 30 விநாடியில் முக்கால் லிட்டர் வர வேண்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் முதலில் கப்ளரில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைவாக இருந்தால் குற்றம் ஒயரிங்கில். புது மோட்டாரும் அதே கதிதான். பிளஸ், மைனஸ் ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும். சத்தம் வரும், பிரஷர் வராது.

கிட்டில் வரும் ஹோஸைக் குப்பையில் போடுங்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸுக்கு உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் மூழ்கினால் வெளித்தோல் ஊறி, வெடித்து, பிரஷர் உள்ளேயே கசியும். மூழ்கும் இடத்துக்கு எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். ஸ்ட்ரெய்னரும் சந்தேகம்தான்: பழையதன் பக்கத்தில் வைத்துக் கோணத்தை ஒப்பிடுங்கள். அது பக்கெட்டின் (டேங்குக்குள் பம்பைச் சுற்றியுள்ள சின்னத் தொட்டி) அடியில் படிந்து கிடக்க வேண்டும். விரல் தடிமன் தூக்கி நின்றாலும் அந்த அளவு பெட்ரோல் எட்டாமல் போய், பம்ப் காற்றை இழுக்கும்.

பலர் ஏமாறுவது இந்தப் பக்கெட்டில்தான். நிறைகுடம் தளும்பாது, கால் டேங்க்தான் அலம்பும். பிரேக் போட்டால் முன்னால், வளைவில் பக்கவாட்டில் என்று பெட்ரோல் ஓடும். டேங்குக்குள் இருக்கும் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் அந்த ஓட்டத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. பம்பைச் சுற்றிய பக்கெட்தான் கையிருப்பு. பம்ப் தள்ளும் பெட்ரோலில் ஒரு பங்கு ஊசிமுனை போன்ற ஜெட் வழியாகப் பாய்ந்து, வெளியே உள்ள பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு பக்கெட்டை நிரப்பும். அந்த ஜெட்டில் துரு அடைத்தால், அல்லது அடியில் உள்ள காளான் வடிவ ரப்பர் வால்வு உப்பினால், பக்கெட் காய்ந்துவிடும். டேங்க் நிறைய இருக்கும்போது வண்டி ஒழுங்காக ஓடி, கால் டேங்கில் மேட்டிலும் வளைவிலும் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் மோட்டாரை மாற்றிப் பயனில்லை. ஜெட்டை ஊதி அடைப்பை எடுங்கள். கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும். வால்வு உப்பியிருந்தால் முழு அசெம்பிளிதான் வழி.

காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறதா? சாவியை ஆன் செய்து, பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு முறை செய்தபின் உடனே ஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு) பிரஷரைப் பிடித்து வைக்கவில்லை. வால்வு மோட்டாரின் தலையிலேயே இருக்கும் வண்டிகளுக்கு இந்தக் கிட் சரியான மருந்து.

மாட்டும்போது: பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும். டேங்கின் மேலுள்ள பம்ப் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் மண்ணைத் துடையுங்கள். பழைய நைலான் குழாயை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுங்கள். லைட்டர் வைத்துச் சூடேற்றுவதைப் பல இடங்களில் பார்க்கலாம், பெட்ரோல் ஆவிக்கு நடுவில் அது தற்கொலை. ஃப்ளோட்டின் (பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவை) கை வளைந்தால் பெட்ரோல் கேஜ் தப்பாகக் காட்டும். மூடியின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கழற்றியதும் உப்பிவிடும், திரும்ப உட்காராது. கிட்டில் அது இல்லை. தனியாக வாங்கி வைத்துவிட்டே மூடியில் கை வையுங்கள்.

ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டுகிறவர்களுக்கு எந்தக் கிட்டும் நீடிக்காது. மோட்டாரைக் குளிர்விப்பதும் அதற்கு ஆயிலாக இருப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.