வந்தபோது உயிரோடுதான் இருந்தன: ஆன்லைனில் டிஸ்கஸ் மீன் வாங்குவோர் கவனத்துக்கு

நான்கு வருடமாகக் கலர் மீன் வளர்க்கிறேன். கப்பி, ஏஞ்சல் எல்லாம் பார்த்தாகிவிட்டது, டிஸ்கஸ்தான் பாக்கி. மதுரையில் எனக்குத் தெரிந்த கடையில் இரண்டரை அங்குல மீன் ஒன்று 650 ரூபாய் சொன்னார்கள். இன்ஸ்டாகிராமில் சென்னைக்காரர் ஒருவர் அதையே 400-க்குப் போட்டிருந்தார். 'சொந்தப் பண்ணை, டிஓஏ கேரண்டி' என்று வேறு எழுதியிருந்தார். அதாவது வந்து சேரும்போதே மீன் செத்திருந்தால் அதற்கு அவர் பொறுப்பு. ஆறு மீன் 2,400, பேக்கிங் 250. யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணினேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி வரவேண்டிய ஆம்னி பஸ் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. தெர்மாகோல் பெட்டி டிக்கியில் சூட்கேஸ்களுக்கு அடியில் கிடந்தது. பையில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் கஞ்சி மாதிரி கலங்கி. ஒன்று செத்து மிதந்தது. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து கட் இல்லாமல் வீடியோ எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார், அனுப்பினேன். "400 அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம் பிரதர்" என்றார். கேரண்டி அவ்வளவுதான்.

மிச்சம் ஐந்தையும் தொட்டியில் விட்ட பிறகுதான் கண்களைக் கவனித்தேன். உடம்பு இரண்டு அங்குலம்கூட இல்லை, கண் மட்டும் பெரிய மீனுடையது. குட்டியிலேயே இரையும் தண்ணீரும் சரியில்லாமல் போனால் டிஸ்கஸின் உடம்பு தேங்கிவிடும், கண் மட்டும் வளரும். இளங்குட்டி என்று எனக்கு வந்தவை வளர்ச்சி நின்றுபோன மீன்கள். மூன்றாம் நாள் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கின, வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கியது. வயிற்றில் ஒட்டுண்ணி இருந்தால் இப்படித்தான் ஆகும். 30 டிகிரி சூடு, மருந்து எல்லாம் பார்த்தும் எட்டு நாளில் நான்கு போய்விட்டன. "உங்க தண்ணி சரியில்ல" என்றவர் அப்புறம் பிளாக் செய்துவிட்டார்.

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. அவர் சொன்னபடி பையைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் கப் கப்பாகத் தொட்டித் தண்ணீரை ஊற்றினேன். மூடிய பையில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்கியிருக்கும், அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கும். அதனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகிவிடும். நீண்ட பயணம் வந்த பையைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெட்டியதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டிருக்க வேண்டும். மதுரைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. பல கடைகளில் வரிசைத் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டர்தான். ஒன்றில் செத்த மீன் மிதந்தால் பக்கத்துத் தொட்டியிலும் வாங்காதீர்கள். ஆனால் கடையில் "கொஞ்சம் இரை போடுங்க அண்ணே" என்று கேட்கலாம். பாய்ந்து வந்து தின்கிறதா, வந்து எத்தனை நாள் ஆச்சு என்று பார்த்து வாங்கலாம். அந்த 250 ரூபாய் வித்தியாசம் இதற்குத்தான் போல.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாமே என்று நண்பர் கேட்டார். கையில் பில் இல்லை, அந்த ஆளின் முகவரியும் தெரியாது. ஆன்லைனில்தான் வாங்குவேன் என்பவர்கள், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே மீன் இரை தின்னும் வீடியோவை, அன்றைய தேதியைச் சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்து மயங்கிய போட்டோவில் தொட்டியின் இடது மூலையில் ஒரு விரிசல் இருக்கும். போன வாரம் அதே விரிசலோடு அதே மீன் வேறொரு பக்கத்தில் வந்தது, இந்த முறை 'தாய்லாந்து இம்போர்ட்' என்ற பெயரில், 900 ரூபாய்க்கு.