டிஷ் பெட்டியில் பதிவா, பைபர் ரீவியில் ரீவைண்டா?

மட்டக்களப்பில் புது ரீவி இணைப்பு எடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. பைபர் ரீவி என்றால் இணையக் கேபிள் வழியாக வருவது; ரீவைண்ட் என்றால் அதில் ஓடி முடிந்த நிகழ்ச்சியைப் பிறகு பின்னுக்குப் போய்ப் பார்ப்பது.

செலவு: டிஷ் என்றால் பதிவு வசதியுள்ள பெட்டியோடு ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். எச்டியில் ஒரு மணித்தியாலம் 3, 4 ஜிபி பிடிக்கும்; சின்ன பென்டிரைவ் காணாது. ரீவைண்டுக்கு இவை தேவையில்லை.

மழை: கார்த்திகை, மார்கழி அடைமழையில் டிஷ் சிக்னல் அறுந்தால் பதிவிலும் அந்த இடம் வெறுமைதான். கரண்ட் போனாலும் அதே கதி. ரீவைண்டில் நிகழ்ச்சி நிறுவனத்தின் சேர்வரில் கிடக்கும். கரண்ட் வந்தபின் ஆறுதலாகப் பார்க்கலாம். எனக்கு இதுவே பெரிய விசயம்.

வைத்திருத்தல்: ரீவைண்ட் சில நாளில் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் நீங்கள் அழிக்கும்வரை இருக்கும். ஆனால் பெரும்பாலும் பதிந்த பெட்டியில்தான் ஓடும், கவனம்.

பைபர் வராத ஊர்களுக்கு டிஷ்தான். டவுனில், தவறவிட்ட நாடகம் பார்க்க ரீவைண்ட் போதும். கோயில் திருவிழா நேரலையைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க்கே நல்லது.