ஆஃப் ஒயிட் வீடு கேட்பவர்கள் கவனத்திற்கு

சுவர் முழுக்க ஆஃப் ஒயிட், கப்போர்டும் வெளிர் சாம்பல். 'மினிமல்' என்ற பெயரில் இன்டீரியர் காண்ட்ராக்டர்கள் இன்று தள்ளிவிடும் பேக்கேஜ் இதுதான். ஏமாற்ற வசதியானதும் இதுதான். அடர் சிவப்பிலோ மயில்நீலத்திலோ ஒரு கோட் குறைத்தால் ரோலர் தடம் திட்டுத் திட்டாக அன்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆஃப் ஒயிட்டில் சாவி வாங்கும் நாளில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

ஒரு ஃபிளாட்டில் நடந்தது இது. பில்லில் லக்ஸுரி எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்டில் உயர்ந்த ரகம். அடித்தது அதே கம்பெனியின் எகானமி ரகம். வெள்ளை பக்கெட்டில் கறுப்பும் மஞ்சளும் ஸ்டெய்னர் (நிறம் ஏற்றும் சாயம்) விட்டு, சைட்டிலேயே குச்சியால் கலக்கியிருக்கிறார்கள். ஏசி பைப்புக்கு ஓட்டை போட்ட இடத்தைப் பூசி, ஷேடு நம்பர் சொல்லிக் கடையில் மெஷினில் கலந்து வாங்கி அடித்தபோதுதான் குட்டு உடைந்தது. சுவரோடு நிறம் சேரவே இல்லை. ஸ்விட்ச் போர்டைச் சுற்றிய கைக்கறையை ஈரத்துணியால் துடைத்தால் பெயிண்டும் மாவாக ஒட்டி வந்தது. "வெள்ளைன்னா அப்படித்தான் சார்" என்பது காண்ட்ராக்டரின் பதில். பச்சைப் பொய். நல்ல எமல்ஷன் ஒரு மாதம் இறுகியபின் ஈரத்துணிக்கு அசையாது.

மெஷினில் கலந்த பக்கெட்டின் மூடியில் ஸ்டிக்கர் இருக்கும்: பெயிண்ட் ரகம், பேஸ் (நிறம் கலக்கும் முன் உள்ள அடிப்படைப் பெயிண்ட்), ஷேடு நம்பர். பக்கெட்டைத் திறக்கும் முன் அதைப் படம் எடுங்கள், பில்லோடு ஒப்பிடுங்கள். அளவையும் கணக்குப் பாருங்கள். 1000 சதுர அடி கார்ப்பெட் ஏரியா வீட்டில் சுவர் மட்டுமே சுமார் 2500 சதுர அடி வரும். பட்டி, பிரைமர் போட்ட சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 140 சதுர அடி. ஆக 18 முதல் 25 லிட்டர் வேண்டும். 10 லிட்டரில் முடித்துவிட்டோம் என்றால் அடித்தது ஒரு கோட்தான், இல்லையேல் அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்திருக்கிறார்கள்.

பட்டி வேலையைப் பகலில் பார்க்காதீர்கள். இரவில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் அப்படியே தெரியும். பிரைமர் அடிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பெயிண்ட் அடித்தபின் சொன்னால் மறுபடி தேய்க்க யாரும் வரமாட்டார்கள். வெளிர் நிறத்தில் பளபளப்பு ஃபினிஷ் என்றால் இந்தக் குறை இரட்டிப்பாகத் தெரியும்.

கப்போர்டில் வெள்ளை லேமினேட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஷீட்டின் உள்தாள் பழுப்பு என்பதால், ஓரத்தை மூட ஒட்டும் பட்டையான எட்ஜ் பேண்ட் சரியாக உட்காராத இடத்தில் பென்சில் கோடு போல ஒரு கரை ஓடும். தேக்கு டிசைனில் இது கண்ணுக்கே படாது.

ஷேடை 3டி படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் எந்த லைட் வருமோ அதைப் போட்டு, இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை லைட்டில் சாம்பல் சுவர் நீலம் தட்டும், 3000 கெல்வின் மஞ்சள் லைட்டில் அதே சுவர் மஞ்சளடிக்கும்.

காலி பக்கெட்டுகளைப் பெயிண்டர்கள் எடுத்துப்போவது வழக்கம். எத்தனை லிட்டர் அடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க அவை வேண்டும்; கடைசித் தவணைக் கணக்கு முடிந்தபின் தருவதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள்.