ஆசிட் பாட்டிலுக்கு மாற்று: கீழமாசி வீதிப் பொருட்கள் தேறுமா?

மதுரையில் வீட்டைச் சுத்தம் செய்வதில் பாதி வேலை உப்போடு மல்லுக்கட்டுவதுதான். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் குழாய் மூக்கில் வெள்ளைப் படிவம், பக்கெட் விளிம்பில் வளையம், பாத்ரூம் டைல்ஸில் திட்டுத் திட்டாகக் கறை. இந்தப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்பில் போகாது, பினாயிலில் போகாது. அமிலம் பட்டால்தான் கரையும். எத்தனை பேர் எச்சரித்தாலும் ஆசிட் பாட்டில் பாத்ரூம் மூலையை விட்டு நகராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். இயற்கை முறை என்று பேசுகிற பலர் இந்த உப்பை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஆகவே இந்த மதிப்பீட்டில் முதல் கேள்வி உப்புக் கறை போகுமா என்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

கீழமாசி வீதியில் தேர்முட்டிப் பக்கம் உள்ள நாட்டு மருந்துக் கடைகளிலும் அதை ஒட்டிய மளிகை மொத்தக் கடைகளிலும் கிடைப்பவைதான் இங்கே பார்ப்பவை: சிட்ரிக் ஆசிட், பூந்திக்கொட்டை, சலவை சோடா, சமையல் சோடா, வினிகர். கூடவே, ஆர்கானிக் கடைகளில் பாட்டிலில் விற்கும் பயோ என்சைம்.

முதலில், எதை மாற்றப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் பெயர் பெற்ற கழிப்பறைத் திரவங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 10 சதவீதம் இருக்கும், லேபிளிலேயே போட்டிருப்பார்கள். தெருவில் வண்டியில் வரும் லூஸ் ஆசிட்டில் எத்தனை சதவீதம் என்பது விற்பவருக்கே தெரியாது. பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது அதைவிட ஆபத்து. வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டையைப் பதியாமல் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெரு முனையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் ஆசிட் வண்டி எதுவும் இல்லை.

ஆசிட்டால் டைல்ஸ் போய்விடும் என்பார்கள். டைல்ஸ் மேலிருக்கும் பளபளப்புப் பூச்சை அது அவ்வளவு எளிதில் தொடாது. இரும்பு நாரால் தேய்த்தால்தான் பூச்சு போகும். ஆசிட் தின்பது டைல்ஸ் இணைப்பில் அடைத்திருக்கும் ஒயிட் சிமென்ட்டை. அது கரைந்து இடுக்கு விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழ்த்தளத்துச் சீலிங்கில் ஈரம் காட்டும். ஆசிட்டின் புகை குரோம் குழாயையும் எவர்சில்வர் தாங்கியையும் அரிக்கும். மூடிய பாத்ரூமில் மூச்சுக் குழாயையும் விடாது.

இதற்கு நேரான மாற்று சிட்ரிக் ஆசிட். கடையில் எலுமிச்சை உப்பு என்றாலும் கொடுப்பார்கள். புகை கிடையாது, சாக்கடையில் போனால் கிருமிகளே தின்று தீர்த்துவிடும். பார்க்கச் சர்க்கரை போலவே இருக்கும் என்பதால் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டாமல் அடுக்களையில் வைக்கக் கூடாது. குழாய், ஷவர், டைல்ஸுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் போதும். ஷவர் தலையைக் கழற்றி அதில் அரை மணி நேரம் ஊறப் போடலாம். குழாய் மூக்குக்குத் துணியை நனைத்துச் சுற்றி, 20 நிமிடத்தில் எடுத்து நன்றாகக் கழுவ வேண்டும். சுவர் டைல்ஸில் அடிக்கும் முன் வெறும் தண்ணீரை ஊற்றிச் சுவரை நனைத்துக்கொள்வது முக்கியம். இணைப்புச் சிமென்ட் தண்ணீரைக் குடித்துவிட்டால் அமிலத்தைக் குறைவாகவே இழுக்கும். பத்து நிமிடம் விட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் சரி.

கழிப்பறையில் பலர் தோற்பது ஒரே இடத்தில்தான். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரில் பொடியைக் கொட்டுகிறார்கள். அது நீர்த்துப்போய் ஒன்றும் செய்வதில்லை. பிரஷ்ஷால் குத்தித் தண்ணீரைக் குழிக்குள் தள்ளி மட்டத்தை இறக்க வேண்டும். பிறகு 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கறை மேல் ஊற்றி, கறைக் கோடு இருக்கும் இடத்தில் பழைய துணியை அதே கரைசலில் நனைத்து ஒட்டி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் துணியை எடுத்துவிட்டுத் தேய்க்கலாம். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரால் வரும் செம்மஞ்சள் கறையும் இதில் மெல்ல விடும், ஏனென்றால் சிட்ரிக் ஆசிட் இரும்பையும் பிடித்து இழுத்துக்கொள்ளும். கொதிக்கும் நீர் ஊற்றினால் வேகமாக வேலை நடக்கும் என்று நினைப்பது தவறு. சூட்டில் கால்சியம் சிட்ரேட் வெள்ளையாகப் படியும். ஒரு கறை போய் இன்னொன்று வரும்.

குறை என்னவென்றால் வேகம். வருடக்கணக்கில் ஏறிய கெட்டிப் படிவத்தை ஆசிட் பத்து நிமிடத்தில் நுரைத்து எடுத்துவிடும். இதற்கு இரண்டு மூன்று இரவு வேண்டும். அப்படி ஒரு முறை எடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவை லேசாக அடித்து வந்தால் மறுபடி கெட்டிப்படாது.

எலுமிச்சை உப்புதானே என்று எல்லாத் தரையிலும் ஊற்றக் கூடாது. பழைய மதுரை வீடுகளின் ரெட் ஆக்ஸைடு தரையும், மொசைக்கும், ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட் வேலை. மார்பிளும் அடுக்களை மேடையில் போடும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகை. இவற்றில் எந்த அமிலம் பட்டாலும், அரை எலுமிச்சம்பழமே ஆனாலும், அந்த இடம் மங்கி வெளுத்துவிடும். மறுபடி பாலிஷ் போடாமல் மீளாது. இந்தத் தரைகளுக்கு அரை பக்கெட் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோப்புத் திரவம் போதும்.

பூந்திக்கொட்டைக்கு வருவோம். விதை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர், ஓர் இரவு ஊறல். காலையில் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்ட வேண்டும். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். வடித்த நீர் வெளியில் இரண்டு நாளிலேயே புளிக்கத் தொடங்கும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சோப்பு உப்புத் தண்ணீரில் திரிதிரியாகத் திரியும். பூந்திக்கொட்டைச் சாறு அப்படித் திரிவதில்லை. போர் தண்ணீர் ஊருக்கு இது பெரிய அனுகூலம். பட்டு, சுங்குடிச் சேலை, வெள்ளிச் சாமான், கண்ணாடி டம்ளர், இவற்றுக்கு முதல் தரம். காரம் மிகுந்த டிடர்ஜென்ட்டில் சாயம் இறங்கும் சுங்குடிக்கு இதைவிடப் பாதுகாப்பானது குறைவு. ஆனால் மட்டன் சுக்கா வறுத்த சட்டிக்கு இதை நம்ப முடியாது. எண்ணெய் அப்படியே கையில் ஒட்டும். வெள்ளைச் சட்டையைத் தொடர்ந்து இதில் துவைத்தால் பழுப்பேறும். இன்னொன்று, இதில் உள்ள சபோனின் மீனுக்கு நஞ்சு. இயற்கைப் பொருள்தானே என்று கழுவிய நீரைக் கண்மாயிலோ ஊருணியிலோ விடக் கூடாது. கண்ணில் பட்டாலும் நன்றாகவே எரியும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடா. 1 லிட்டர் சுடுநீரில் 2 மேசைக்கரண்டி. அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸ், எக்ஸாஸ்ட் ஃபேன் கூண்டு, ஜன்னல் கம்பி எல்லாம் 15 நிமிடத்தில் வழிந்துவிடும். கையுறை கட்டாயம். அலுமினியத்தில் படக் கூடாது, கறுத்துவிடும். ஃபேன் இறக்கை அலுமினியமா என்று பார்த்துவிட்டு வைப்பது நல்லது. துணி துவைக்கும்போது டிடர்ஜென்ட்டோடு ஒரு மேசைக்கரண்டி போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை குறைந்து, பவுடரும் குறைவாகச் செலவாகும். சமையல் சோடா இதன் சாதுவான தம்பி. தேய்க்க உதவும், ஃப்ரிட்ஜ் வாடைக்கு உதவும், அவ்வளவுதான்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்குகிறதே, அதை வீடியோவில் பார்த்து மயங்குகிறவர்கள் நிறைய. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் சத்தம் அது. பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். இரண்டு பொருளும் வீண்.

பயோ என்சைம் வெல்லம் 1, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் 3, தண்ணீர் 10 என்ற கணக்கில் மூன்று மாதம் நொதிக்க வைப்பது. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடாவிட்டால் பாட்டில் வெடிக்கும். கிடைப்பது வாசனையுள்ள, நீர்த்த வினிகர் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. தோல் வீணாகப் போகிற ஜூஸ் கடைக்காரர் செய்யலாம். விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் சரக்கில்லை.

இவை எதுவும் கிருமிநாசினி அல்ல. வீட்டில் வாந்தி, பேதி என்றால் பிளீச்சிங் பவுடர்தான் சரி. 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடரில் லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 0.5 சதவீதக் கரைசல். முதலில் சோப்பு நீரில் துடைத்துக் கழுவிவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் குளோரின் பாதி போயிருக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது பலருக்குத் தெரியும். சிட்ரிக் ஆசிட்டோடும் வினிகரோடும் சேர்ந்தாலும் அதே வாயுதான் வரும் என்பது தெரிவதில்லை. ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

பாட்டிலில் இலைப் படமும் பச்சை மூடியும் எதையும் சொல்லாது. கெமிக்கல் இல்லாதது என்று போட்டிருந்தால் அது விளம்பரம், தண்ணீரும் கெமிக்கல்தான். 1991-ல் தொடங்கிய அரசின் எகோமார்க் முத்திரை மண்பானைச் சின்னம். அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம், கடையில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

மாறுவதென்று முடிவானபின் மிச்சமிருக்கும் ஆசிட்டை அப்படியே சிங்க்கில் கொட்டக் கூடாது. வெளியே காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் பக்கெட்டில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். சமையல் சோடாவை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகப் போட்டு, நுரை நிற்கும் வரை தொடர வேண்டும். 10 சதவீத ஆசிட் ஒரு லிட்டருக்குக் கால் கிலோ சோடா பிடிக்கும். லூஸ் ஆசிட் என்றால் முக்கால் கிலோவுக்கும் மேல் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.