பாட்டுப் பெட்டியைத் திட்டுவதற்கு முன் கார்டைப் பாருங்கள்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் சார்ஜர், கவர்களுக்கு நடுவே தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. எஃப்.எம்., பென் டிரைவ், மெமரி கார்டு மூன்றும் பாடும். பின்பக்கம் பழைய நோக்கியா போனுக்குப் போட்ட அதே பி.எல்-5சி பேட்டரி, முன்பக்கம் நான்கு இலக்கச் சிவப்பு எண். மேலே ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இந்த மதிப்புரை ஒரு கம்பெனிக்கு அல்ல, இந்த ரகத்துக்கே.

ஆயிரம் ரூபாய்க்குள் இது நல்ல பொருள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கும் டீக்கடைக்கும் தாராளமாக வாங்கலாம். நடுவில் விளம்பரம் வராது, யாராவது கூப்பிட்டால் பாட்டு நிற்காது. ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, நெட் கிடைக்காத எஸ்டேட் மூலையிலும் பாடும். அம்மாப்பேட்டைப் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்கு மட்டும் வேண்டாம். அட்டையில் எத்தனை வாட் அச்சடித்திருந்தாலும் தறிச் சத்தத்துக்கு மேல் இந்த ஸ்பீக்கர் எழும்பாது.

“பெட்டி போயிடுச்சு” என்று கடைக்குத் திரும்பி வருவதில் பலவும் கார்டு கோளாறாகத்தான் இருக்கும். கார்டைப் போட்டதும் ‘லோட்’ என்று காட்டி அப்படியே நிற்கிறதா? வேலை செய்யும் வேறொரு கார்டைப் போட்டுப் பாருங்கள். அது பாடினால் பெட்டியில் குறையில்லை. எந்தக் கார்டும் பாடாமல் பென் டிரைவ் மட்டும் பாடினால் குறை கார்டு செருகும் ஸ்லாட்டில்தான். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் சர்வீஸ் கடைப் படி ஏறாதீர்கள்.

கார்டு எத்தனை ஜி.பி. என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 4 முதல் 32 ஜி.பி. வரை உள்ளவை எஸ்.டி.எச்.சி. ரகம்; கடையிலிருந்தே ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கும் அமைப்பில் வரும். 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் எஸ்.டி.எக்ஸ்.சி. ரகம், எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. போனில் ஜோராக வேலை செய்யும் கார்டு பெட்டியில் ஊமையாகிவிடும். ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்தால் 64 ஜி.பி. கார்டும் பெரும்பாலும் பாடும். ஆனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜி.பி.க்கு மேல் ஃபேட்32 என்ற வாய்ப்பையே காட்டாது. ரூஃபஸ் மாதிரி இலவச மென்பொருள் தேவைப்படும். எதற்கு இந்த வம்பு, 32 ஜி.பி. போதும். 128 கே.பி.பி.எஸ். தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்.பி.கூட ஆகாது, ஆறாயிரம் பாட்டு அடங்கும். வேகத்துக்கு என்று கூடுதல் காசும் கொடுக்க வேண்டாம். 320 கே.பி.பி.எஸ். பாட்டுக்கே விநாடிக்கு 40 கிலோபைட் போதும். கிளாஸ் 10 என்ற வேகக் குறி உள்ள கார்டு விநாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும். அந்த வேகம் பாட்டு ஏற்றும்போதுதான் உதவும், கேட்கும்போது அல்ல.

32 ஜி.பி. கார்டு கம்ப்யூட்டரில் 29 சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பதற வேண்டியது போலிக் கார்டுக்கு. உள்ளே 4 ஜி.பி. சிப்பை வைத்து 32 என்று காட்டும்படி செய்திருப்பார்கள். முதல் சில நூறு பாட்டு ஒழுங்காகப் பாடும். அதற்கு மேல் ஏற்றியவை பெயர் அளவில் இருக்கும், சத்தம் வராது, அல்லது பழைய பாட்டின் மேலேயே போய் உட்கார்ந்து இரண்டையும் கெடுக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 32 ஜி.பி.க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், பொறுமையாகச் செய்யுங்கள். பாட்டு ஏற்றுவதற்கு முன்பே செய்வது நல்லது, ஏனென்றால் காலி இடம் முழுவதும் இருந்தால்தான் சோதனை முழுமையாகும்.

அடுத்த புகார், பாட்டு வரிசை. 01, 02 என்று பெயர் வைத்தும் பெட்டி தன் இஷ்டத்துக்குப் பாடுகிறது என்பார்கள். இஷ்டம் எல்லாம் கிடையாது. பெரும்பாலான பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை. கார்டின் பட்டியலில் எந்தப் பாட்டு முதலில் பதிவானதோ அதையே முதலில் எடுக்கும். டீக்கடைக் கார்டில் முதல் பத்தும் முருகன் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதை அழித்துவிட்டு, புதிதாக ஒரு குத்துப்பாட்டை ஏற்றுகிறோம். அழித்த இடம் காலியாக இருப்பதால் புதுப் பாட்டு அங்கேயே போய் உட்காரும். விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு பக்திப் பாட்டுக்கு நடுவே குத்து அதிரும். இன்னொன்று: விண்டோஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது மவுஸ் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறதோ அதுதான் முதலில் போகும். அதனால் 01-ஐப் பிடித்தே இழுங்கள். ஏற்கெனவே குழம்பிய கார்டை டிரைவ்சார்ட் அல்லது ஃபேட்சார்ட் மென்பொருளில் கொடுத்தால் பட்டியலைப் பெயர் வரிசைக்கு மாற்றிவிடும். அதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஏறியிருந்தும் பாடவில்லை என்றால் ஃபைல் ரகத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ், ஐபோன் பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் எம்4ஏ. பெயரின் வாலை எம்பி3 என்று திருத்தினால் உள்ளே இருப்பது மாறாது. கன்வெர்ட் செய்துதான் ஆக வேண்டும். மேக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கார்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல் ஒன்று கூடவே ஏறியிருக்கும். 200 பாட்டுக்கு 400 என்று எண் காட்டி, ஒன்று விட்டு ஒன்று மௌனமாக நகர்ந்தால் காரணம் அதுதான். போனில் கார்டைப் போட்டபோது ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ ஆகச் சேர்த்திருந்தால் போன் அதைப் பூட்டி எழுதியிருக்கும், வேறெதிலும் திறக்காது. அழித்த பாட்டு மறுபடி மறுபடி வந்து நிற்கிறது, ஃபார்மேட் செய்தும் பழைய பாட்டே இருக்கிறது என்றால் கார்டின் ஆயுள் முடிந்தது. படிக்க மட்டும் விடும். உடனே நகல் எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

கார்டைக் குறை சொல்ல முடியாத ஒரு கோளாறும் உண்டு. சத்தம் கூட்டி வைத்து, டிரம்ஸ் அடி விழும் இடத்தில் பெட்டி அணைந்து மறுபடி ஒன்றாம் பாட்டிலிருந்து தொடங்குகிறதா? சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். நிற்காமல் பாடினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அடி விழும் நொடியில் வோல்டேஜ் சரிகிறது. அசல் பி.எல்-5சி பேட்டரியின் கொள்ளளவு 1020 எம்.ஏ.எச். மட்டுமே. அதே அளவுக்குள் 2400 என்று அச்சடித்தது பொய். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. புது மாடலில் டைப்-சி ஓட்டை இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்: சார்ஜர் பக்கம் பழைய அகல யு.எஸ்.பி. முனை உள்ள கேபிளில் ஏறும், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ளதில் பல பெட்டிகளுக்கு ஏறாது. பெட்டி செருகியிருப்பதைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்ததன் விளைவு.

ஸ்லாட்டுக்கு எதிரி தூசி. பட்டறைப் பாலிஷ் தூளும் தறிப் பஞ்சும் உள்ளே சேர்ந்தால் கார்டு ‘கிளிக்’ ஆகாமல் வெளியே வந்துவிடும். ஊசி விட்டுக் கிளறினால் எட்டுக் கம்பிகளில் ஒன்று வளையும், கதை முடிந்தது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். கேமரா துடைக்கும் ரப்பர் பல்பு போதும். கார்டின் பொன்னிறப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பின் போடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் இரவெல்லாம் கிடந்த பெட்டியை அடிவாரம் இறங்கியதும் ஆன் செய்யாதீர்கள். சூடான காற்று பட்டு உள்ளே ஈரம் பூக்கும். பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

வாங்கும்போது உங்கள் கார்டையே கொண்டுபோங்கள். நாலைந்து முறை போட்டு எடுத்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். சார்ஜில் போட்டுச் சத்தத்தைப் பூஜ்யமாக்கி, காதருகே வைத்து இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். பேட்டரி மூடியின் கொக்கி மெலிதாக இருந்தால் வேறு பீஸ் கேளுங்கள், அந்த மூடி தனியாகக் கிடைப்பது கஷ்டம்.